ஒரு பெயரை நிறுத்தியதும் 3 கோடி பேர் தவிப்பு!

தென்காசி:

குற்றாலத்துக்குப் பக்கத்தில் உள்ள மத்தளம்பாறை இன்று நாடறிந்த ஊர். காரணம், ஜோஹோ கம்பெனி. 2011-ல் தென்காசியில் கிளை போட்ட கம்பெனி அது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பிறகு மத்தளம்பாறைக்கே குடிவந்துவிட்டார். 2025-ல் அதன் 'அரட்டை' செயலி டீக்கடை பெஞ்சு வரை பேச்சாகிவிட்டது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சலும் இப்போது இந்தக் கம்பெனி பொறுப்பில்தான்.

அப்பேர்ப்பட்ட கம்பெனி ஒருநாள் காணாமலே போனது. இது பலருக்கு மறந்திருக்கும்.

திங்கட்கிழமை அதிர்ச்சி

2018 செப்டம்பர் 24. திங்கட்கிழமை, வேலை நாள். உலகம் பூராவும் ஜோஹோ வாடிக்கையாளர்கள் 3 கோடிப் பேருக்கு மேல். கடிதம் போகவில்லை, கணக்குத் திறக்கவில்லை, பில் போட முடியவில்லை. கையைப் பிசைந்தார்கள்.

கம்பெனியில் தீ விபத்தா? இல்லை. கேபிள் அறுந்ததா? அதுவும் இல்லை. கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தன. பெயரை மட்டும் யாரோ நிறுத்திவிட்டார்கள்!

பேரேடு யார் கையில்?

இன்டர்நெட்டில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் உண்டு. எண் நமக்கு ஞாபகம் இருக்காது. ஆகவே பெயர். 'ஜோஹோ டாட் காம்' என்று தட்டினால் போன் முதலில் நமக்கு லைன் கொடுத்த கம்பெனியின் கம்ப்யூட்டரைக் கேட்கிறது. அதற்கும் தெரியாவிட்டால், அது தலைமைப் பேரேட்டைக் கேட்கும். அதற்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள். நகல்கள் உலகெங்கும் உண்டு. அங்கே எண் கிடைக்காது. "டாட் காம் விவகாரமா? அந்தப் பேரேட்டுக்காரரிடம் போ" என்பார்கள். அவர் "ஜோஹோவின் எண் வேணுமா? இன்ன கம்ப்யூட்டரைக் கேள்" என்பார். கடைசியாகத்தான் எண் கிடைக்கும். இவ்வளவும் கண் சிமிட்டும் நேரத்தில்.

டாட் காம் பேரேட்டில் நாம் நேரே போய் எழுத முடியாது. நடுவில் ஒரு பதிவாளர் உண்டு. பத்திர ஆபீசில் எழுத்தர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஜோஹோவின் பதிவாளர் அமெரிக்காவின் டியராநெட். ஜோஹோ மின்னஞ்சலை வைத்துச் சிலர் மோசடிக் கடிதம் அனுப்புவதாக அங்கே புகார் போயிருந்தது. வந்த புகார் மூன்றுதான், இரண்டில் நடவடிக்கை எடுத்தாச்சு, மூன்றாவது விசாரணையில் இருந்தது என்றது ஜோஹோ. அதற்குள் பெயர் நிறுத்தப்பட்டது.

புகார் பொய் என்று சொல்லவில்லை. மோசடிக்காரன் எந்த ஊர்த் தபாலிலும் கடிதம் போடுவான். அதற்காகத் தபாலாபீசையே பூட்டுவார்களா?

அந்தப் பதிவாளரின் மேலிடத்தைப் பிடிக்க உதவுங்கள் என்று ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் ஊரைக் கூட்ட வேண்டியதாயிற்று. கோடிக்கணக்கில் வியாபாரம் நடத்தும் கம்பெனிக்கு, போன் எடுக்க ஆள் தேட வேண்டிய நிலை!

அருவியில் பழைய சேதி

தடை நீங்கியதும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சரியாகிவிடவில்லை. இது குற்றாலத்துக்காரருக்குச் சுலபமாகப் புரியும். பேரருவியில் வெள்ளம், காலையில் குளிக்கத் தடை. மத்தியானம் தடை எடுத்தாச்சு. ஆனால் காலையில் சேதி கேட்டவர் ஆலங்குளத்திலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார். அவர் காதில் இருப்பது பழைய சேதி.

இங்கும் அப்படித்தான். கேட்ட பதிலைக் கொஞ்ச நேரம் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது அந்த நடுக் கம்ப்யூட்டர்களின் வழக்கம். "அப்படி ஒரு பெயர் இல்லை" என்ற பதிலையும் சேர்த்துத்தான்! ஆகவே ஒருவருக்குத் திறந்தது, பக்கத்து மேஜைக்காரருக்குத் திறக்கவில்லை.

பாதை போனால்?

பெயர் வேறு, பாதை வேறு. எண் கிடைத்த பிறகு அங்கே போய்ச் சேர வேண்டுமே. குற்றாலத்துக்கு கேரளத்துக்காரர் செங்கோட்டை வழியாக வருகிறார், மதுரைக்காரர் ராஜபாளையம், கடையநல்லூர் வழியாக வருகிறார். இன்டர்நெட்டிலும் ஒவ்வொரு பெரிய கம்பெனியும் "இந்த எண்களுக்கு என் வழியாக வரலாம்" என்று பக்கத்துக் கம்பெனிக்குச் சொல்லி வைக்கிறது. சொன்னதை நம்பித்தான் போக்குவரத்து.

2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக் தன் பக்கத்துப் பாதை அறிவிப்பைத் தானே வாபஸ் வாங்கும்படி ஆகிவிட்டது. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு உத்தரவால் வந்த வினை. வாட்ஸ்அப் உள்பட சுமார் 6 மணி நேரம் அவுட்! 2008 பிப்ரவரியில் யூடியூபுக்கு நேர்ந்ததோ இன்னொரு ரகம். பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் தடுக்கப்போய், "யூடியூப் இந்தப் பக்கம்" என்று பொய்ப் பலகை வெளியே போய்விட்டது. உலகமே அந்தப் பக்கம் திரும்பியது.

இந்த இரண்டிலும் கெட்டது பாதை. ஜோஹோவுக்குப் பாதையில் குறை ஒன்றும் இல்லை. கட்டடம் சொந்தம், கம்ப்யூட்டர் சொந்தம், பெயர் மட்டும் இன்னொருவர் பேனா முனையில்.

சம்பவத்துக்குப் பிறகு ஜோஹோ தன் பதிவை கிளவுட்ஃபிளேர் நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டது. இந்திய வாடிக்கையாளருக்கு 'ஜோஹோ டாட் இன்' என்ற பெயரும் உண்டு. டாட் இன் பேரேட்டைக் கவனிப்பது 2003-ல் ஆரம்பித்த நிக்ஸி என்ற இந்திய அமைப்பு. அரசாங்க ஊழியர்களின் முகவரிகளும் டாட் இன்னில்தான் முடிகின்றன. டாட் காம் பேரேடு மட்டும் அன்றும் சரி, இன்றும் சரி, அமெரிக்காவில் வெரிசைன் கம்பெனி வசம்.