சிக்னல் இல்லாத மலைக்கும் 18 சதவீதமா?

கொல்லிமலையின் செம்மேட்டில் 199 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்கிறவர், கடைப்படி இறங்கும் முன்பே ஏறத்தாழ 30 ரூபாய் வரி கட்டிவிடுகிறார். பிளான் விலையிலேயே அடங்கிவிடுவதால் அது கண்ணில் படுவதில்லை. ஊர்ப் பள்ளத்தில் இறங்கியதும் போனில் கோடு போய்விடும். கட்டிய வரி மட்டும் திரும்பாது.

2017 ஜூன் வரை தொலைபேசி சேவைக்கு வரி 15 சதவீதம். ஜி.எஸ்.டி. வந்து அதை 18 ஆக்கியது. 2025 செப்டம்பரில் விகிதங்களைச் சீரமைத்துவிட்டோம் என்று மார்தட்டினார்களே, அப்போதாவது குறைத்தார்களா? ஏ.சி.க்கும் பெரிய டி.வி.க்கும் 28-லிருந்து 18-க்கு இறக்கினார்கள். ரீசார்ஜைத் தொடவில்லை. ஆக, ஏ.சி. வாங்குகிறவருக்கும், மிளகோடு சோளக்காடு சந்தைக்கு வருகிறவரின் ரீசார்ஜுக்கும் ஒரே விகிதம். இதற்குப் பெயர் சீர்திருத்தமாம்!

செல்போன் ஆடம்பரம் என்ற காலம் மலையேறிவிட்டது. வங்கிக்கு ஓ.டி.பி., நூறு நாள் வேலையின் வருகைப்பதிவுக்குச் செயலி என்று கட்டாயமாக்கியதே அரசுதான். கட்டாயப்படுத்திய கையே வரிக்கும் நீள்வது வன்மையாகக் கண்டிக்கத்தக்கது.

இன்னொரு கொடுமை. கிராமங்களுக்குத் தொலைபேசி கொண்டுபோகவென்றே 2002 முதல் தொலைபேசி நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் பிடிக்கிறார்கள். அந்தச் சுமையும் கடைசியில் நம் தலையில்தான். வசூலான தொகை முழுதாக அதற்கென உள்ள நிதிக்குப் போய்ச் சேரவில்லை என்று தணிக்கை அறிக்கைகளே குட்டியிருக்கின்றன. இப்போது அந்த நிதிக்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று புதுப்பெயர். பெயரை மாற்றியதால் டவர் முளைக்குமா?

டெல்லியை மட்டும் திட்டிவிட்டுச் சென்னை நழுவ முடியாது. 18-இல் 9 சதவீதம் மாநிலக் கணக்குக்கே வருகிறது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் ஒரு வரியை ரத்து செய்யலாமா என்று மக்களிடமே வாக்குச்சீட்டில் கேட்கிறார்கள். நமக்கு அந்த வழி இல்லை. நம் சார்பில் ஜி.எஸ்.டி. மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர் மாநில நிதியமைச்சர்தான். அங்கே முடிவெடுக்க முக்கால் பங்கு வாக்கு வேண்டும். மூன்றில் ஒரு பங்கை வைத்திருக்கும் மத்திய அரசு இசையாமல் எதுவும் நகராது. அதற்காக வாய் திறக்காமல் இருப்பதா?

மன்றத்தின் அடுத்த கூட்டத்திலேயே, சாதாரண ரீசார்ஜுக்கான வரியை 5 சதவீதமாக்கும் கோரிக்கையைத் தமிழக அரசு எழுத்து வடிவில் வைக்க வேண்டும். கொல்லிமலையில் ‘நாடு’ எனப்படும் 14 பகுதிகளிலும் சிக்னல் எட்டாத ஊர்களின் பட்டியலை நாமக்கல் மாவட்ட நிர்வாகம் எடுத்து வெளியிட வேண்டும். அந்த ஊர்களுக்கு எந்தத் தேதியில் டவர் வரும் என்பதைத் தொலைத்தொடர்புத் துறை அதே பட்டியலில் எழுதித் தர வேண்டும்.