தண்டக் கடதாசியும் ராத்தாவின் சாட்சியும்



இம்மாதம் கலியாண வீட்டுச் செலவுகளைப் பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். அதை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, பொலிஸார் எழுதிக் கொடுத்த ஒரு தண்டக் கடதாசியைப் பற்றி எழுதுகிறேன். எங்களிடம் வாகனம் இல்லையே என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் ஒரு தாயும் வருகிறார்.

என் ராத்தாவின் மூத்த மகன் அக்குறணையில் வேன் ஓடிப் பிழைப்பவன். கண்ணில் சத்திர சிகிச்சை செய்துகொண்ட உம்மாவை கண்டியில் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்ற அன்று, வாயிலுக்கு அருகில் வீதியோரத்தில் வேனை நிறுத்தியிருக்கிறான். அங்கே தடைப் பலகை இருந்திருக்கிறது. பொலிஸ்காரர் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு, சிங்களத்தில் நிரப்பிய ஒரு கடதாசியைக் கையில் கொடுத்துவிட்டார். அன்று மஃரிபுக்குப் பிறகு அந்தக் கடதாசியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மாமா, இது அநியாயம். நான் சீட்ட விட்டு எறங்கவே இல்ல. உம்மாவ எறக்கி விடத்தான் நிப்பாட்டின. கட்ட மாட்டன், கோர்ட்டுக்குப் போறன்" என்றான்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு உற்சாகமே வந்துவிட்டது. ஏனென்றால் அவன் சொன்னது உண்மையானால் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. நீல வட்டத்தில் சிவப்பு விளிம்போடு நம் வீதிகளில் நிற்கும் தடைப் பலகைகளை நன்றாகப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பலகையில் ஒரு சிவப்புக் கோடு சாய்வாக ஓடும். மற்றொன்றில் இரண்டு கோடுகள் குறுக்கிட்டுப் பெருக்கல் அடையாளம்போல் இருக்கும். ஒரு கோடு என்றால் வாகனத்தை அங்கே தரித்து வைக்கக்கூடாது. ஆள் இறங்கி ஏறும் அளவுக்கு நிறுத்தலாம். இரண்டு கோடு என்றால் அதற்கும் இடமில்லை. பல வருடம் வாகனம் ஓட்டியவர்களில்கூட இந்த வித்தியாசம் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். மருமகன் நின்ற இடத்தில் இருந்தது ஒரு கோட்டுப் பலகை.

ஆகவே அன்றிரவே அவனை உட்காரவைத்து விளக்கினேன். உங்களுக்கும் பயன்படும் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் நாட்டில் இப்படியான தண்டத்தைத் தபாற் கந்தோரில் 14 நாட்களுக்குள் கட்ட வேண்டும். பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டினால் அனுமதிப்பத்திரத்தைத் திருப்பித் தருவார்கள். அதுவரை அந்தக் கடதாசிதான் தற்காலிக அனுமதிப்பத்திரம். 14 நாள் தவறினால் தொகை இரு மடங்காகும். 28 நாளும் தவறினால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். 2025ஆம் ஆண்டிலிருந்து 'கவ்பே' என்னும் முறையில் கைத்தொலைபேசியாலேயே உடனே கட்டிவிடும் வசதியும் வந்திருக்கிறது. வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பணத்தைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பிழை செய்யவில்லை என்று நம்புகிறவர் வீதியில் நின்றபடி அவசரப்பட்டுக் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து புலம்புவதில் பயனில்லை.

மேன்முறையீடு செய்ய யாருக்குக் கடிதம் எழுதுவது என்று சிலர் கேட்பதுண்டு. இங்கிலாந்தில் நகரசபை கொடுக்கும் தரிப்புத் தண்டத்துக்கு அப்படியொரு வழி இருக்கிறது. முதலில் அந்தச் சபைக்கே எழுதலாம். அவர்கள் மறுத்தால் சுயாதீனமான ஒரு தீர்ப்பாயத்துக்குக் கட்டணமின்றி முறையிடலாம். 14 நாட்களுக்குள் கட்டுகிறவருக்கு அங்கே தண்டம் பாதியாகக் குறையும். இங்கே பிந்தினால் இரட்டிக்கிறது, அங்கே முந்தினால் பாதியாகிறது. கணக்கு ஒன்றுதான் என்றாலும் கேட்பதற்கு அவர்களுடையது இனிமையாக இருக்கிறது. நமக்கு அந்த ஏற்பாடு இல்லை. தண்டத்தை மறுப்பவர் அதைக் கட்டாமல், குறித்த திகதியில் நீதிமன்றத்தில் ஆஜராகி, குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டதும் "சுற்றவாளி" என்று சொல்ல வேண்டும். குற்றவாளி அல்ல என்பதற்கு நமது நீதிமன்றத் தமிழில் உள்ள சொல் அது. காதுக்கு இரண்டும் ஒன்றுபோல் கேட்பதால், பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

அதன் பிறகு விசாரணைக்கு ஒரு நாள் குறிப்பார்கள். குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டியது வழக்குத் தொடுத்த தரப்பின் கடமை. கடதாசி எழுதிய உத்தியோகத்தர் சாட்சி சொல்ல வேண்டும், அவரிடம் நீங்கள் கேள்வி கேட்கலாம். சட்டத்தரணி வைத்துக்கொள்ளலாம், வைக்காமலும் பேசலாம். சிங்களம் விளங்காதவர் பயந்து தலையாட்டத் தேவையில்லை. நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு அரச செலவில் மொழிபெயர்ப்பு கிடைக்க வேண்டும் என்று நம் அரசியலமைப்பு சொல்கிறது.  போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், பிடியாணை வரும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப சாட்சிக்கு உம்மா இருக்கிறாவே மாமா. நான் எறங்கல்ல என்டு உம்மா சொன்னாப் போதும்" என்றான்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. மறுநாள் ராத்தாவிடம் போனேன். கண்ணுக்கு மருந்து விட்டுச் சாய்ந்திருந்தார். நடந்ததைக் கேட்டேன். அவர் எதையும் மறைக்கத் தெரியாதவராக, "அவன்தானே தம்பி என்ன கையப் புடிச்சி உள்ளுக்குக் கூட்டிப் போன. கதிரயில இருத்தி, நம்பரும் எடுத்துத் தந்துட்டுத்தான் போன. பாவம், எனக்குத்தான் கண் தெரியாதே" என்றார்.

கதவருகே மருமகன் நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவனே வாய் திறந்தான். பத்து நிமிடம்கூட ஆகவில்லையாம். உம்மாவைத் தனியாக விட முடியாதாம். இதெல்லாம் உண்மைதான். பிறகு, "உம்மா, நீங்க ஒரு வார்த்த சொன்னாச் சரி. நான் வேனுக்குள்ளதான் இருந்த என்டு சொல்லுங்க. ஒரு நாளைக்கு ஓட்டமில்லாட்டி வீட்டுல என்ன நெலம என்டு உங்களுக்குத் தெரியுந்தானே" என்றான்.

ராத்தா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்காகத்தான் நீ நிப்பாட்டின மகன். அந்தக் காச நான் தாறன், காப்ப அடகு வச்சாவது தாறன். பொய்ச் சாட்சிக்கு மட்டும் என்னக் கூப்பிட வாணாம். நான் நாளைக்கு மௌத்தாப் போற மனுசி."

பெரும்பாவங்களை எடுத்துச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்து, பொய்ச் சாட்சியத்தை மட்டும் திரும்பத் திரும்ப எச்சரித்ததை நாம் எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறோம்! அதே ஹதீஸில் பெற்றோரை நோவிப்பதும் பெரும்பாவமாக எண்ணப்படுகிறது. சூரா அந்நிஸாவின் 135ஆம் வசனமோ, சாட்சியம் நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியில் நிற்கும்படி கட்டளையிடுகிறது. கொலை வழக்குக்கும் காணி வழக்குக்கும்தான் அது என்று நாம் நினைத்திருப்போம். ஒரு தரிப்புத் தண்டத்துக்காக மகன் தாயிடம் கேட்கும் ஒரு வார்த்தையிலும் அது வந்து நிற்கும் என்பதை அன்றுதான் நான் கண்டேன். அதைவிட வெட்கம், அந்த வழக்கை முதல் நாள் இரவு உற்சாகமாகச் சோடித்துக் கொடுத்தவன் நான். "இறங்கினாயா?" என்று ஒரு தரம் அழுத்திக் கேட்கத் தோன்றவில்லையே எனக்கு!

அவனுக்கு இன்னொரு வழியும் இருந்தது. நீதிமன்றத்துக்குப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கண் தெரியாத தாயை உள்ளே விட்டு வந்ததை உள்ளபடி சொல்லலாம். சிறு குற்றமாக இருந்து, சூழ்நிலையும் மனம் இரங்கத் தக்கதாக இருந்தால், குற்றத் தீர்ப்பளிக்காமல் எச்சரித்து விடவும் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவு நீதவானுக்கு இடமளிக்கிறது. ஆனால் அது அவருடைய தற்றுணிபு. தபாற் கந்தோரில் கட்டுவதைவிடக் கூடுதலான தண்டமும் விதிக்கப்படலாம். வேனை நிறுத்திவிட்டு நாள் முழுதும் காத்திருக்கவும் வேண்டும். அவன் யோசித்துப் பார்த்து, கட்டிவிடுகிறேன் என்றான். நானும் வற்புறுத்தவில்லை.

இதற்கிடையில் வேன் தரிப்பிடத்தில் இருக்கும் கூட்டாளிமார் வேறு ஞானம் போதித்திருக்கிறார்கள். அந்த இடத்திலேயே லைசனுக்குள் ஒரு நோட்டை மடித்து வைத்துக் கொடுத்திருந்தால் ஒரு தொல்லையும் இருந்திருக்காதாம். இதை நம்மவர்கள் எவ்வளவு இலேசாகப் பேசுகிறார்கள்! இலஞ்சம் வாங்குபவரோடு கொடுப்பவரும் நபியவர்களின் சாபத்துக்குள் வருகிறார். நாட்டுச் சட்டத்திலும் இருவரும் குற்றவாளிகளே. உங்களிடம் யாராவது கேட்டால் இலஞ்ச ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். கேட்காமலே நீட்டுகிற நம் கையைப் பற்றி யாருக்கு அறிவிப்பது?

அப்படியானால் எப்போதும் தலைகுனிந்து கட்டிவிட்டுப் போக வேண்டுமா? இல்லவே இல்லை. என் அயல்வீட்டு நானா ஒருவர் இரண்டு வருடங்களுக்கு முன் இதே போன்ற கடதாசி ஒன்றை மறுத்து நின்றார். அவர் மோட்டார் சைக்கிளை வைத்த இடத்தில் தடைப் பலகை இருந்தது உண்மை. ஆனால் அதன்மேல் ஒரு டியூஷன் வகுப்பின் பெனர் கட்டப்பட்டிருந்தது. அவர் அதை அன்றே படம் பிடித்து வைத்துக்கொண்டார், எதிர்க் கடைக்காரரிடமும் காட்டி வைத்தார். "சுற்றவாளி" என்று சொல்லி மூன்று தவணை அலைந்தார். பஸ் செலவே தண்டத்தைத் தாண்டியிருக்கும். மூன்றாம் தவணையில், அன்று அந்தக் கம்பத்தில் பெனர் கட்டியிருந்ததா என்று பொலிஸ்காரரிடம் கேட்டிருக்கிறார். ஆம், கட்டியிருந்தது, பிறகுதான் அவிழ்த்தோம் என்று அந்த மனிதர் சத்தியம் செய்த வாயால் உள்ளதைச் சொல்லிவிட்டார். நானா விடுதலையானார். வெளியே வந்து அந்தப் பொலிஸ்காரரின் கையைப் பிடித்து நன்றி சொன்னாராம். பொலிஸ் என்றாலே பொய் என்று பேசுகிற நாம் இந்த மனிதரையும் நினைவில் வைக்க வேண்டும்.

சொல்ல வந்ததோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. ஜும்ஆ நேரத்தில் நம் பள்ளிவாசல்களுக்கு முன்னால் வீதியின் இரு பக்கமும் நாம் நிறுத்துகிற வாகனங்களுக்கு யார் கடதாசி எழுதுவது? அடுத்தவர் வீட்டு வாயிலை மறித்துவிட்டு உள்ளே போய் முதல் ஸஃப்பில் நிற்கிறோம். கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று நாம் துடிக்கும் அநியாயங்களோடு இதையும் ஒரு பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். பள்ளி நிருவாகிகள் கோபிக்காமல் இருந்தால் சரி.

மருமகன் 12ஆம் நாள் தண்டத்தைக் கட்டினான். ராத்தாவின் காப்பு அடகுக்குப் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். பற்றுச்சீட்டோடு பொலிஸ் நிலையத்துக்குப் போய் அனுமதிப்பத்திரத்தையும் வாங்கி வந்துவிட்டான். அன்று மாலை உம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்திருந்தானாம். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

போன கிழமை ராத்தாவுக்கு அடுத்த கிளினிக். இம்முறை தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போனான். வாயிலில் இருவரையும் இறக்கிவிட, தங்கச்சி உம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். அவன் தூரத்தில் இருந்த கட்டணத் தரிப்பிடத்தில் வேனை விட்டுவிட்டு நடந்து வந்தான். திரும்பி வரும்போது வழியெல்லாம் ராத்தாவுக்கு ஒரே குறைதானாம்: "சும்மா வேன நிப்பாட்டி வைக்கவா மகன் இவ்வளவு காசு எடுக்கிற?"