மச்சானுக்கு வைத்த பரீட்சை

என் மச்சானிடம் ஒரு ரிவால்வர் இருக்கிறது. பொம்மை இல்லை, சாட்சாத் ரிவால்வர். கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த .32. ஆறு தோட்டா பிடிக்கும்.

ஓசூரில் லேத் பட்டறை வைத்த புதிதில், சனிக்கிழமை கூலிப் பணத்தை பாங்க்கிலிருந்து மஞ்சள் பையில் எடுத்து வருவார். 'பைக்குப் பாதுகாப்பு வேண்டாமா மாப்ளே?' என்று நடையாய் நடந்து லைசென்ஸ் வாங்கினார். இப்போது கூலியெல்லாம் பாங்க் கணக்குக்கே போய்விடுகிறது. மஞ்சள் பை காணாமல் போயிற்று. ரிவால்வர் மட்டும் இடுப்பிலேயே தங்கிவிட்டது, ரிடையர் ஆக மறுக்கும் ஹெட்கிளார்க் மாதிரி.

இதில் ஒரு வேடிக்கை. அவருடைய லைசென்ஸ் தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும். பாக்கி வசூல் செய்யப் போவதோ பெங்களூருக்கு. ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளியில் கால் வைத்தால் அதே ரிவால்வர் குற்றம். ஆகவே, பணத்தோடு திரும்பும் நாளில் துப்பாக்கி வீட்டு பீரோவில் இருக்கும். பணமில்லாத நாட்களில் இடுப்பில் இருக்கும்!

2021 ஜனவரியில் ஓசூர் பாகலூர் ரோட்டில், முத்தூட் ஃபைனான்ஸ் கிளையில் துப்பாக்கியோடு புகுந்து சுமார் 25 கிலோ தங்க நகையை அள்ளிப் போனார்களே, நினைவிருக்கிறதா? அன்றிலிருந்து மச்சானின் ஒவ்வொரு பேச்சும், "நான் மட்டும் அங்க இருந்திருந்தா..." என்றுதான் ஆரம்பிக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிறு. பக்கத்து வீட்டு சுபேதார் சார் வந்திருந்தார். ராணுவத்தில் ஓய்வுபெற்று, சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு செக்யூரிட்டி பார்க்கிறவர். அதிகம் பேச மாட்டார். மச்சான் வழக்கம்போல், "நான் மட்டும் அங்க..." என்றதும் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதுவரைக்கும் எத்தனை ரவுண்டு சுட்டிருக்கீங்க சார்?"

"நாலு."

"இந்த வருஷமா?"

"வாங்கினதிலேர்ந்து."

மச்சானைக் குறை சொல்ல முடியாது. தோட்டா ஒன்றும் மளிகைச் சாமான் இல்லை. எத்தனை வாங்கலாம் என்பதை லைசென்ஸிலேயே எழுதிவிடுவார்கள். 2016-ல் வந்த ஆயுத விதிகளின்படி, புதிதாக லைசென்ஸ் கேட்பவர்கள் ஆயுதத்தைக் கையாளும் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் காட்ட வேண்டும். மச்சான் அதற்கெல்லாம் முந்தைய பேட்ச்.

சுபேதார் சொன்னார்: "நின்ன இடத்துல மூச்சைப் பிடிச்சு அட்டையில ஓட்டை போடறது வேற சார். சட்டையை விலக்கி, உறையிலேர்ந்து எடுத்து, சொன்ன நொடிக்குள்ள சுடறது வேற. அதுக்குன்னே பரீட்சைகள் இருக்கு."

ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கர் 1970-களில் பிரபலப்படுத்திய பரீட்சை ஒன்று. பத்து கஜத்தில் மூன்று அட்டை மனிதர்கள். அவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். விசில் ஊதியதும் திரும்பி, துப்பாக்கியை உருவி, ஆளுக்கு இரண்டு குண்டு. மறுபடி தோட்டா நிரப்பி, இன்னும் இரண்டிரண்டு. மொத்தம் பன்னிரண்டு, பத்து நொடிக்குள்! மச்சான் ஆறு தோட்டாவை நிரப்பி முடிப்பதற்குள் திருடன் காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவான்.

இன்னொன்று, 1983-ல் டென்னிஸ் டூலர் என்ற அமெரிக்க போலீஸ்காரர் எழுதியது. கத்தியோடு ஓடி வருகிற ஆள் 21 அடியைக் கடக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? சுமார் ஒன்றரை நொடி. அதற்குள் நீங்கள் உருவிச் சுட முடியுமா?

"பூ, 21 அடியா! ஏழு கஜம்!" என்றார் மச்சான். "இப்பவே பார்த்துடலாம்."

பீரோவைத் திறக்கப் போனவரை சுபேதார் தடுத்தார். "காலியா இருந்தாலும் நிஜத் துப்பாக்கி ஒரு மனுஷன் பக்கம் திரும்பக் கூடாது." ஆகவே, ரோல் கேப் போட்டு வெடிக்கும் தீபாவளித் துப்பாக்கி வந்தது. மொட்டை மாடியில் என் மனைவியின் ஆறு கஜப் புடவையை விரித்து, அதற்கு மேல் ஒரு கஜம் தள்ளி சாக்பீஸால் கோடு போட்டோம். கோட்டில் நின்றது மச்சானின் பேரன், வயது பத்து, கையில் கத்திக்குப் பதில் வாழைக்காய். செல்போனில் ஸ்டாப்வாட்ச் நான்.

முதல் ஓட்டம். மச்சானின் கை சஃபாரி சட்டைக்குள்ளேயே வழி தேடிக்கொண்டிருந்தது. வாழைக்காய் தொப்பையில் பட்டது. இரண்டு நொடி.

இரண்டாவது. துப்பாக்கி வெளியே வந்தது. வந்த வேகத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது.

மூன்றாவது, நாலாவது... வாழைக்காய் நசுங்கிவிட்டது. மாடிப்படியில் நின்ற பெண்கள் கூட்டம் சிரித்தது. மச்சானுக்கு முகம் சிவந்தது. "இன்னும் ஒரு தடவை!" என்று பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டு தயாரானார்.

சுபேதார் பையனைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். பையன் ஓடி வந்தான். இந்தத் தடவை மச்சான் அபார வேகம்! உருவினார், நீட்டினார், 'டப்' என்று கேப் வெடித்தது. பையன் பாதி தூரம்கூட வரவில்லை.

"பாத்தியா மாப்ளே!" என்று என் பக்கம் திரும்பினார்.

பையன் அப்படியே நின்றான். அவன் கையில் வாழைக்காய் இல்லை. கீழே வைத்திருந்த தாத்தாவின் மூக்குக் கண்ணாடிக் கூடு இருந்தது.

"நீங்க மறந்துட்டீங்களாம் தாத்தா. குடுக்கச் சொன்னார்."

மாடிப்படியில் சிரிப்பு நின்றுவிட்டது.

சுபேதார் குரலை உயர்த்தாமல் சொன்னார். "21 அடிங்கறது சுடறதுக்கு லைசென்ஸ் இல்ல சார். ஆபத்து அவ்வளவு சீக்கிரம் வந்துடும்கற எச்சரிக்கை, அவ்வளவுதான். வேகத்தைப் பழகிக்கலாம். வர்றவன் கையில என்ன இருக்குன்னு பாக்கறதைத்தான் முதல்ல பழகணும்."

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. தற்காப்புக்கு உரிமை உண்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் உண்டு. ஆனால் தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் ஒரு துளி தீங்கு செய்ய உரிமை இல்லை. ஸ்டாப்வாட்ச் அதை அளக்காது.

மச்சான் அன்று இரவு சாப்பிடவில்லை. பையனைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாராம்.

மறுநாள் காலை என்னிடம் வந்தார். "மாப்ளே, அந்தப் பாகலூர் ரோடு கேஸ்ல திருடனுங்களை எப்படிப் பிடிச்சாங்க?"

"நகைப் பையில ஜி.பி.எஸ். கருவி இருந்துது மச்சான். அது காட்டின வழியில போய் மறுநாளே ஹைதராபாத் பக்கத்துல மடக்கிட்டாங்க."

"துப்பாக்கி?"

"அதைப் போலீஸ் அவங்ககிட்டேர்ந்து பிடுங்கிச்சு."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "தேர்தல் வந்தா இதை ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடுவேன் இல்ல? அந்த நாள்லதான் நல்லாத் தூங்குவேன். உங்க அக்காகிட்டகூட சொன்னதில்ல."

இப்போது ரிவால்வர், லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையில் விற்பனைக்குக் காத்திருக்கிறது. மச்சானின் பெல்ட்டில் ஒரு ஓட்டை குறைந்திருக்கிறது. பட்டறையில் நாலு கேமராவும் ஒரு அலாரமும் மாட்டியிருக்கிறார்.

பேரனுக்குத்தான் வருத்தம். தொட்டியில் விழுந்த தீபாவளித் துப்பாக்கி துருப்பிடித்துவிட்டதாம். புதுசு வாங்கித் தரச் சொல்லி நச்சரிக்கிறான்.

மச்சான் கிரிக்கெட் மட்டை வாங்கித் தந்திருக்கிறார்.