வீடியோ கேம் உருவாக்குபவர் முதலாளியா, குத்தகையாளரா?

2023 செப்டம்பர் 12 அன்று அமெரிக்காவின் யூனிட்டி நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. வீடியோ கேம் உருவாக்கும் சிறு குழுக்களில் பெரும்பாலானவை நம்பியிருப்பது இத்தகைய நிறுவனங்களின் ‘எஞ்சின்’ என்ற மென்பொருளை. காட்சி, ஒலி, அசைவு அனைத்தும் அதன்மீதுதான் கட்டப்படுகின்றன. 2024 ஜனவரி 1 முதல், குறிப்பிட்ட வருவாயையும் எண்ணிக்கையையும் தாண்டிய ஒரு விளையாட்டு யாருடைய கருவியிலாவது புதிதாக நிறுவப்படும் ஒவ்வொரு முறையும், அதை உருவாக்கியவர் யூனிட்டிக்கு 20 சென்ட் வரை செலுத்த வேண்டும் என்பதே அறிவிப்பு. ஏற்கெனவே வெளியாகி விற்பனையில் இருந்த விளையாட்டுகளும் இதிலிருந்து தப்பவில்லை. செங்கல் விற்றவன், கட்டி முடித்த வீட்டுக்குள் விருந்தாளி நுழையும்போதெல்லாம் வாசலில் நின்று காசு கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

எதிர்ப்பு வெடித்தது. பல குழுக்கள் கூடிப் பேசித் தங்கள் விளையாட்டுகளில் யூனிட்டியின் விளம்பரங்களை ஒரே நேரத்தில் நிறுத்தின. பத்தே நாட்களில் நிறுவனம் பின்வாங்கத் தொடங்கியது. அக்டோபரில் தலைமை நிர்வாகி ஜான் ரிச்சிட்டெல்லோ வெளியேறினார். 2024 செப்டம்பரில் கட்டணமே முழுமையாகக் கைவிடப்பட்டது. இடையில், 2024 ஜனவரியில், யூனிட்டி தன் ஊழியர்களில் ஏறத்தாழ 1,800 பேரை, அதாவது நான்கில் ஒருவரை, வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. வெளியே குத்தகையாளரிடம் பறிக்க முயன்ற கையே உள்ளே தொழிலாளியின் வேலையையும் பறித்தது. இரண்டும் ஒரே இருப்புநிலைக் குறிப்பின் இரு பக்கங்கள்.

நம் தோழர்கள் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிப்பதுண்டு. வீடியோ கேம் என்பது வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு. அதை உருவாக்குபவர் குட்டி முதலாளி. அவருடைய குறையைத் தீர்ப்பதா கட்சியின் வேலை என்பது அவர்கள் வாதம். முதலாளித்துவப் பத்திரிகைகளோ அதே நபரைத் ‘தொழில்முனைவோர்’ என்றும் ‘படைப்பாளி’ என்றும் புகழ்கின்றன. ஒரு தரப்பு இகழ்கிறது, மறு தரப்பு புகழ்கிறது. அவரை முதலாளி என்று கொள்வதில் மட்டும் இரு தரப்புக்கும் உடன்பாடு!

உண்மை நிலை என்ன? காஞ்சிபுரத்தில் கூலிக்கு நெய்யும் பட்டு நெசவாளிக்குத் தறி சொந்தமாக இருக்கலாம். பட்டு நூலும் ஜரிகையும் மாஸ்டர் வீவர் கொடுப்பவை. சேலையின் விலையை நெசவாளி தீர்மானிப்பதில்லை. தறி சொந்தம் என்பதற்காக அவரை முதலாளி என்று நாம் அழைத்ததில்லை. சுயேச்சையான கேம் உருவாக்குநருக்குக் கணினி சொந்தம், உழைப்பு சொந்தம். எஞ்சின் ஒருவருடையது, கடை வேறொருவருடையது, பணம் வந்து சேரும் வழி மூன்றாமவருடையது. ‘சுயேச்சை’ என்ற சொல் இங்கே குறிப்பதெல்லாம், மாதச் சம்பளமும் வருங்கால வைப்புநிதியும் இல்லை என்பதைத்தான்.

கடையைப் பார்ப்போம். கணினி விளையாட்டுகளின் விற்பனையில் ஸ்டீம் என்ற இணையக் கடையின் ஆதிக்கம் கிட்டத்தட்ட முழுமையானது. நடத்துவது வால்வ் என்ற தனியார் நிறுவனம். ஒரு விளையாட்டைக் கடையில் வைக்க 100 டாலர் கட்ட வேண்டும். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால்தான் அது திரும்பக் கிடைக்கும். பிறகு விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் 30 சதவீதம் கடைக்கு. 2018 இறுதியில் வால்வ் ஒரு ‘சலுகை’ அறிவித்தது: ஒரு விளையாட்டின் வருவாய் 1 கோடி டாலரைத் தாண்டினால் தரகு 25 சதவீதம், 5 கோடியைத் தாண்டினால் 20 சதவீதம். ஏழை 30 கொடுக்க வேண்டும், கோடீஸ்வரன் 20 கொடுத்தால் போதும். இப்படித் தலைகீழாக வரி விதிக்க எந்த நிதியமைச்சரும் வெளிப்படையாகத் துணிய மாட்டார். அதே ஆண்டு டிசம்பரில் எபிக் நிறுவனம் 12 சதவீதத் தரகில் போட்டிக் கடை திறந்தது. எபிக் தொழிலாளர் நண்பன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் அந்த 12 ஓர் உண்மையை அம்பலப்படுத்தியது. 30 என்பது கடை நடத்தும் செலவோடு தொடர்புடைய எண்ணே அல்ல, நுழைவாயிலைக் கையில் வைத்திருப்பவன் வசூலிக்கும் வாடகை.

வாடகை கொடுத்தாலும் வாடிக்கையாளர் கண்ணில் படுவோம் என்ற உறுதி இல்லை. 2024இல் மட்டும் ஸ்டீமில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வெளியாயின. எதை முன்னே காட்டுவது, எதைப் புதைப்பது என்பதைக் கடையின் கணிப்பு நிரல் முடிவு செய்கிறது. அதன் விதிகள் உருவாக்குநருக்குத் தெரியாது. அதனால் விளம்பரத்துக்கும் முன்பணத்துக்கும் ‘பப்ளிஷர்’ என்ற இடைத்தரகரிடம் போகிறார். நூறு ரூபாய் விற்பனையில் கடை 30 எடுத்தது போக மிஞ்சும் 70இல், முதலில் தன் முன்பணத்தைக் கழித்துக்கொண்டு, பிறகு பாதியைக் கேட்கும் பப்ளிஷர்கள் அரிதல்ல. எஞ்சிய 35 ரூபாய்தான் நான்கு பேரின் மூன்றாண்டு உழைப்புக்குக் கூலி. அந்தப் பப்ளிஷரும் நிலையானவரல்ல: சிறு குழுக்களின் விளையாட்டுகளை வெளியிட்டுவந்த ஹம்பிள் கேம்ஸ் 2024 ஜூலையில் தன் ஊழியர் அனைவரையும் ஒரே நாளில் நீக்கியது.

இந்தியாவுக்கு வருவோம். 2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, பிரதமர் மோடி இளம் கேம் விளையாட்டாளர்களை அழைத்துப் பேசினார். படக்கருவிகள் முன்னிலையில் தானும் விளையாடினார். 2025 மே மாதம் மும்பையில் ‘வேவ்ஸ்’ மாநாடு பெரும் ஆரவாரத்துடன் நடந்தது. ஆனால் நம் நாட்டில் ‘கேமிங் துறை’ என்று இத்தனை காலம் பேசப்பட்டதில் பெரும் பங்கு ரம்மியும் பணம் கட்டி ஆடும் கிரிக்கெட்டும்தான். தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்களை இந்தச் சூதாட்டம் அழித்தது என்பதை நாம் அறிவோம். தடைச்சட்டம் கோரி வீதியில் நின்றவர்கள் நாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது சரியே, மிகத் தாமதமாக வந்தது என்பதே நம் விமர்சனம். சூதாட்ட நிறுவனங்கள் ‘கேமிங்’ என்ற பெயரை முகமூடியாக அணிந்துகொண்டதால், உண்மையில் விளையாட்டுகளை உருவாக்குவோர் யார் கண்ணுக்கும் தெரியாமல் போனார்கள்.

கைப்பேசிக் கடையிலும் இதே கதை. இந்தியப் போட்டி ஆணையம் பிளே ஸ்டோர் கட்டண விதிகளுக்காக 2022 அக்டோபரில் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ஏறத்தாழ 216 கோடியாகக் குறைத்தது. 2024 மார்ச் தொடக்கத்தில் கட்டணத் தகராறில் பல இந்தியச் செயலிகளைக் கூகுள் கடையிலிருந்தே தூக்கியது. ஒன்றிய அமைச்சர் தலையிட்ட பிறகே அவை திரும்பின. அமைச்சரின் தொலைபேசிக்கு எட்டக்கூடிய நிறுவனங்கள் அவை. புணேயிலோ கொச்சியிலோ வாடகை அறையில் இருக்கும் மூவர் குழுவின் விளையாட்டு நீக்கப்பட்டால் யாரைக் கூப்பிடுவது?

திறமை இல்லாமல் இல்லை. புணேயின் ஒரு சிறு குழு 2020இல் வெளியிட்ட ‘ராஜி’ பல நாடுகளில் விளையாடப்பட்டது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் சமையலறையைக் கதைக்களமாகக் கொண்ட ‘வெண்பா’, 2023இல் டொரண்டோவிலிருந்து வெளிவந்து, அடுத்த ஆண்டு சுயேச்சை விளையாட்டுகளுக்கான பன்னாட்டு விழாவில் முதன்மைப் பரிசை வென்றது. இட்லியும் தமிழ் எழுத்தும் அதில் அலங்காரமாக அல்ல, கதையின் உயிராக வருகின்றன. கனடாவில் விளையாட்டு ஆக்கத்துக்குப் பொதுநிதி உண்டு. இங்கே உச்சி மாநாட்டுப் பந்தல் உண்டு.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். செயலிக் கடைகளின் தரகுக்குச் சட்டப்படி உச்சவரம்பு. திரைப்படத்துக்கு இருந்ததைப் போல வீடியோ கேமுக்கும் பொதுநிதி. அரசுக் கல்லூரிகளில் தனியார் எஞ்சினுக்குப் பதில், அர்ஜென்டினாவில் பிறந்து 2014இல் திறந்த மூலமாக்கப்பட்ட கோடோ எஞ்சினில் பயிற்சி. நெசவாளர் கண்ட கூட்டுறவு வழி இங்கும் பொருந்தும். கோ-ஆப்டெக்ஸ் 1935இல் தொடங்கியபோது அதையும் கனவு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் அமைப்பு இல்லாமல் கோரிக்கை மனு வெறும் காகிதம். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஊழியர் சங்கத்தின் கீழ் 2025 மார்ச்சில் தொடங்கப்பட்ட வீடியோ கேம் தொழிலாளர் சங்கத்தில், நிறுவன ஊழியர் மட்டுமல்லாது, தனித்து ஒப்பந்தத்தில் உழைப்பவரும் வேலை இழந்தவரும் நேரடியாகச் சேரலாம். கர்நாடகத்தில் 2024இல் வேலைநேரத்தை 14 மணியாக நீட்டும் முயற்சியை ஐடி ஊழியர் சங்கம் முன்னின்று எதிர்த்ததை நாம் பார்த்தோம். நம் தோழர்கள் பணியாற்றும் ஐடி சங்கங்களின் விதிகளில் உறுப்பினர் தகுதிக்கு ‘நியமன ஆணை’ கேட்கும் பிரிவு எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் வரும் மாநாட்டிலேயே திருத்தம் கொண்டுவர வேண்டும்.