உதடு கூடிருச்சு, எலும்பு?

2019 டிசம்பர் 26, காலை ஒன்பதரை மணி. கோயமுத்தூர்க்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும், வளையச் சூரிய கிரகணம் நேரா நம்ம ஊரு வழியாப் போன நாள். அன்னூர்ப் பக்கம் அக்கா வீட்டு மொட்டை மாடியில பசங்க எல்லாம் யாரோட பழைய எக்ஸ்ரே பிலிமையோ கண்ணுக்கு நேரா பிடிச்சுட்டு நின்னாங்க. (தப்புங்க. அது கண்ணைக் காப்பாத்தாது. பிடுங்கி வெச்சேன்.) அந்தக் கூட்டத்துல அக்கா மகளும் இருந்தா. அப்ப அவளுக்கு ஒம்போது வயசு. கீழே இருந்து அவளோட அப்பத்தா போட்ட சத்தம் வீதி முனை வரைக்கும் கேட்டிருக்கும்.

சத்தத்துக்குக் காரணம் இருக்கு. பாப்பா 2010 ஜூலை முதல் வாரம் பொறந்தவ, உதட்டுப் பிளவோட. அந்த வருஷம் ஜனவரி 15, பட்டிப்பொங்கல் அன்னிக்கு ஒரு கிரகணம் வந்துச்சு. மாசமா இருந்த அக்கா அன்னிக்குக் கரும்பு வெட்டுனாளாம். 'கிரகண மூளி'ன்னு ஊரே தீர்ப்பு எழுதிருச்சு. கணக்குப் போட்டுப் பாருங்க. கருவுல மேலுதடு கூடறது ஆறேழு வாரத்துல முடிஞ்சுபோகும். பட்டிப்பொங்கலப்ப அக்காவுக்கு நாலாம் மாசம். கரும்பைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடியே உதடு கூடாம நின்னாச்சு. உலகம் முழுக்க ஏறக்குறைய எழுநூறு குழந்தைக்கு ஒண்ணு இப்படிப் பொறக்குது, கரும்பே பாக்காத நாட்டுலயும்.

ஆனா அப்பத்தாவைத் திட்டறதுக்காக இதை எழுதலை. படிச்ச நாங்க பண்ணுன தப்பு அதைவிடப் பெருசு.

நாலாம் மாசம் உதட்டைத் தச்சாங்க. வருஷம் திரும்பறப்ப அண்ணத்தை மூடுனாங்க. ரெண்டும் அருமையான வேலை. முன்னாடி ஒரு போட்டோ, பின்னாடி ஒரு போட்டோ, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்து அழுதோம். 2009ல ரஹ்மான் ரெண்டு ஆஸ்கர் வாங்குன அதே மேடையில 'ஸ்மைல் பிங்கி'ங்கற ஆவணப்படமும் ஒண்ணு வாங்குச்சு. உதட்டுப் பிளவோட இருந்த ஒரு உத்தரப்பிரதேசத்துப் பாப்பாவோட கதை. அதைப் பாத்துட்டு, உதடு கூடிட்டா கதை முடிஞ்சுதுன்னு நானும்தான் நெனைச்சேன்.

முடியலைங்க. பிளவு உதட்டோட நிக்கறதில்லை, பல குழந்தைகளுக்கு மேல்தாடை எலும்பையும் பிளந்துட்டுப் போகுது. உதட்டையும் அண்ணத்தையும் மூடுனாலும், ஈறுக்குள்ள எலும்பு இல்லாத அந்த இடைவெளி அப்படியே இருக்கும். முன்பல்லுக்குப் பக்கத்துல, கோரைப்பல் இறங்கி வரவேண்டிய இடம். எலும்பு இல்லாட்டி பல்லு எதைப் பிடிச்சுட்டு வரும்? அதனால கோரைப்பல் முளைக்கறதுக்கு முன்னாடி, சுமார் எட்டுல இருந்து பதினோரு வயசுக்குள்ள, பெரும்பாலும் இடுப்பெலும்புல இருந்து கொஞ்சம் எடுத்து அங்க வெப்பாங்க. 1972லயே பாய்ன், சாண்ட்ஸ்னு ரெண்டு பேர் எழுதிவெச்ச முறை. பல்லு அந்தப் புது எலும்பு வழியா இறங்குனா எலும்பும் நிலைச்சு நிக்கும். வயசு தாண்டிட்டா பலன் குறையுது.

சரி, எப்ப வைக்கறது, எவ்வளவு வைக்கறது? அதுக்குத்தான் படம். சாதாரணமா எடுக்கற ஓபிஜி எக்ஸ்ரே, லாடம் மாதிரி வளைஞ்ச தாடையை இழுத்துத் தட்டையாக் காட்டும். முன்பக்கம் கலங்கலா விழும், முதுகெலும்போட நிழல் வேற. எலும்போட உயரம் ஓரளவு தெரியும், தடிமன் தெரியவே தெரியாது. 1990களோட கடைசியில இத்தாலியில இருந்து வந்த கோன் பீம் சிடி, அதாவது சிபிசிடி, தலையைச் சுத்தி ஒரே ஒரு சுத்து சுத்தி முப்பரிமாணத்துல காட்டிருது. ஓட்டை எத்தனை கன அளவு, கோரைப்பல் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு, அதோட வேர் எவ்வளவு வளந்திருக்கு, எல்லாம்.

பாப்பாவுக்கு அந்தப் படத்தை எடுத்தது 2023ல, பதிமூணு வயசுல. கோரைப்பல் மேல படுத்துக் கிடந்துச்சு. பக்கத்துப் பல்லோட வேர்ல ஒரு பக்கம் எலும்பே இல்லை. "ஒம்போது வயசுல வந்திருந்தா சுலபமா இருந்திருக்கும்"னு டாக்டர் சொன்னப்ப, மொட்டை மாடியில பிலிமோட நின்ன உருவம்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. அடுத்து வந்த 2020 கொரோனாவுல போச்சு. அதுக்கப்புறம் நாங்களே மறந்தோம். முகம்தான் நல்லா இருந்துச்சே!

எனக்குத் தோணறதைச் சொல்றேன். தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பறப்பவே, டிஸ்சார்ஜ் சீட்டுல கொட்டை எழுத்துல, தமிழ்ல, "எட்டு வயசுல தாடையைப் படம் எடுக்கணும்"னு எழுதிக் குடுக்கணும். தடுப்பூசி அட்டையில தேதி போடறாங்கல்ல, அது மாதிரி. 2013ல வந்த ஆர்பிஎஸ்கே திட்டத்துல உதட்டுப் பிளவும் இருக்கு, பதினெட்டு வயசு வரைக்கும் பாக்கறாங்க, அரசுப் பள்ளிக்கூடங்களுக்கே குழு வருது. அவங்க மூணாம் கிளாஸ்ல உதட்டுத் தழும்பைப் பாத்தா வாயைத் தொறக்கச் சொல்லி உள்ளயும் பாக்கட்டும்.

அதுக்காக வருஷாவருஷம் ஸ்கேன் எடுங்கன்னு சொல்ல வரலை. சிபிசிடில கதிர்வீச்சு பெரிய சிடியைவிடக் கம்மி, ஆனா ஓபிஜியைவிட ஜாஸ்தி. குழந்தைங்க உடம்புக்கு அது இன்னும் உறைக்கும். முழுத் தலைக்கு எடுக்கணும்னு யாராச்சும் சொன்னா, "இதைப் பாத்துட்டு என்னங்க முடிவு பண்ணப் போறீங்க, அந்த இடத்தை மட்டும் எடுத்தாப் பத்தாதுங்களா?"ன்னு கேளுங்க. நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார்.

போன வருஷம் பாப்பாவுக்கு எலும்பு வெச்சாச்சு. ஒரு மாசம் இடுப்பைப் பிடிச்சுட்டே நடந்தா. இப்பக் கம்பி போட்டுக் கோரைப்பல்லைக் கொஞ்சங் கொஞ்சமாக் கீழே இழுத்துட்டிருக்காங்க. பக்கத்துப் பல்லு தப்பிக்குமான்னு இன்னும் சொல்லலை. அடுத்த மாசம் ஒரு படம் இருக்கு, அந்த இடத்துக்கு மட்டும்.