சான்றிதழில் எழுதாத பக்கம்

கோலாலம்பூர் பங்சாரில் பிஎம்டபிள்யூவும் மெர்சிடிஸும் அன்றாடக் காட்சி. மூன்று, நான்கு ஆண்டு ஓடிய அதே கார் பாதி விலைக்கு அருகில் வரும்போது நடுத்தரக் குடும்பத்துக்கும் ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையில் தவறில்லை. ‘சான்றளிக்கப்பட்டது’ என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பிக் கையெழுத்திடுவதுதான் தவறு.

சான்றிதழ் தருவது யார்? பிஎம்டபிள்யூ ‘பிரீமியம் செலக்‌ஷன்’ போன்ற நிறுவனத் திட்டங்களில் உத்தரவாதம் எழுத்தில் கிடைக்கும். தனியார் விற்பனையாளர் ஒட்டும் வில்லை அதற்கு ஈடாகாது. பெயர் மாற்றத்துக்காக வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோம் நடத்தும் பி5 சோதனையும் காரின் அடையாளத்தையும் அடிப்படைத் தகுதியையும்தான் பார்க்கிறது. கியர்பெட்டியின் ஆயுளையோ ஹைபிரிட் பேட்டரியில் மிச்சமுள்ள வலுவையோ அது சொல்லாது.

சான்றிதழ் சொல்லாத இன்னொன்று வெள்ளச் சேதம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் கார்கள் கூரைவரை மூழ்கின. அப்படி மூழ்கிய காரின் சேறு கழுவப்பட்டுவிடும்; ஆனால் மின்கம்பிகளில் புகுந்த ஈரம் பல மாதம் கழித்தே பழுதாக வெளிப்படும். எனவே சர்வீஸ் பதிவும், காப்புறுதிக் கோரிக்கை வரலாறும், வெளி மெக்கானிக்கின் பரிசோதனையும் கட்டாயம் தேவை.

ஏமாந்துவிட்டால், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு இருக்கிறது. ஆனால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கோரக்கூடிய தொகையின் வரம்பு 50,000 ரிங்கிட். சொகுசுக் காரின் விலை பெரும்பாலும் அதைத் தாண்டும். ஏமாந்தவர் வழக்கறிஞரைத் தேடி நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும். ஒன்பது ஆண்டு வாடகைக் கொள்முதல் தவணையோ நிற்காமல் ஓடும். இந்த வரம்பை அரசாங்கம் கார்களுக்காவது உயர்த்த வேண்டும்.