பேணுங்கடன் யார் கடன்?



முதுமையால் கைகால் தளர்ந்தார்க்கும் உடற்குறையோடு பிறந்தார்க்கும் உணவூட்டி, நீராட்டி, மருந்தளித்து, உடனிருந்து காப்பதைப் ‘பேணல்’ என்கின்றது தமிழ். காத்தல், விரும்புதல், போற்றுதல் என்னும் மூன்று பொருளும் அவ்வொரு சொல்லுள் அடங்கும். காவலைக் கூலி கொடுத்து வாங்கலாம். விருப்பத்தையும் போற்றுதலையும் எந்தக் கடையில் வாங்குவது? இவ்வினாவிற்கு விடை தேடித்தான் ஆங்கில நாடு பல்லாண்டுகளாக அலைகின்றது.

அயல்நாட்டுச் செய்தி நமக்கெதற்கு என்பீரோ? கடமையைக் கீழுள்ள மன்றத்தின் தலையில் ஏற்றிவிட்டுப் பணப்பையின் முடிச்சை மேலுள்ள அரசு தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் நிலை எங்கு நேரினும், தன்னாட்சி பேசுவோர் அதனை நுணுகி அறிதல் வேண்டும்.

பற்றுக்கோடற்ற முதியோர்க்கு உறைவிடம் தரும் கடமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டு உள்ளாட்சி மன்றங்களின்மேல் வைத்தது. மன்றங்களே முதியோர் இல்லங்களை நடத்தின. 1990இல் வந்த சட்டம் அந்நிலையைக் குலைத்தது. 1993 முதல், இப்பணிக்கென மன்றங்களுக்கு மாற்றித் தரப்பட்ட நடுவணரசின் பணத்தில் நூற்றுக்கு 85 பங்கை மன்றத்திற்கு வெளியேயுள்ள அமைப்புகளிடமே செலவிடல் வேண்டும் என்று கட்டளை பிறந்தது. கடமை மன்றத்திற்கு, பணம் பிறர்க்கு! இதுவோ முறை?

விளைவு என்ன? சதர்ன் கிராசு என்னும் தனியார் குழுமம் அந்நாட்டின் மிகப்பெரிய முதியோர் இல்லக் குழுமமாக வளர்ந்தது. இல்லக் கட்டடங்களோ பிறர் உடைமை. ஆண்டுதோறும் ஏறிய குடிக்கூலியைக் கட்ட மாட்டாமல் 2011இல் அது வீழ்ந்தது. ஏறத்தாழ 31,000 முதியோர், நாளை தமக்கு எவர் சோறிடுவார் என்று கலங்கி நின்றனர். பொருளீட்டலே குறியானவன் கடையை மூடிவிட்டுப் போகலாம். படுக்கையில் கிடக்கும் மூதாட்டி எங்கே போவாள்?

அதே 2011இல் பெர்க்சயர்ப் பகுதியின் வோக்கிங்காம் மன்றம் வேறொரு வழி கண்டது. ‘ஆப்டாலிசு’ என்னும் குழுமத்தைத் தானே தோற்றுவித்துப் பேணற்பணியை அதனிடம் ஒப்படைத்தது. 2017இல் அண்டை மன்றமாகிய விண்ட்சர் - மெய்டன்கெட் அதிற் பங்காளியாய் இணைந்தது. தனியாரை ஏலத்திற்கு அழைக்காமல் மன்றம் தன் குழுமத்திற்கே பணியைத் தருவதற்கு, ஐரோப்பிய அறமன்றம் 1999இல் வழங்கிய டெக்கல் தீர்ப்பு வழிதிறந்திருந்தது. அதனைத் தழுவி 2015இல் இங்கிலாந்து வகுத்த நெறிகளின்படி, மன்றங்கள் தம் துறைகளை ஆள்வது போலவே குழுமத்தையும் ஆளல் வேண்டியிருந்தது; அதன் பணியில் நூற்றுக்கு 80 பங்கிற்கு மேல் அம்மன்றங்களுக்கே உரியதாதல் வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குக. 1998 வரை பெர்க்சயர் முழுமைக்கும் ஒரே பெருமன்றம் இருந்தது. இப்பேணற்பணியும் அதன் கையிலேயே இருந்தது. அதனைக் கலைத்து, அப்பணிகளை ஆறு மன்றங்களுக்குப் பகிர்ந்தளித்தனர். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, அவ்வாறனுள் இரண்டு மீண்டும் கைகோத்தன! மேலிருந்தோர் கிழித்த துணியைக் கீழிருந்தோர் தைக்க வேண்டியதாயிற்று. மறதிநோய் அறிந்த வல்லுநர், இரவுப் பணியாளர், பயிற்சி, தலைமைச் செலவு ஆகிய இவற்றைச் சிறு மன்றம் தனித்துத் தாங்குதல் அரிது. இருவர் கூடின் சுமை குறையும்; மிஞ்சும் பொருளும் ஊர்ப்பணமாகவே நிற்கும். ஆதலின் இக்கூட்டு முயற்சியை யான் வரவேற்கின்றேன்.

ஆயினும், ‘மன்றத்தின் குழுமம்’ என்னும் பெயர் ஒன்றே காப்பாகிவிடாது. மன்றத்தின் கூட்டம் மக்கள் முன் நடப்பது; குழுமத்தின் கூட்டமோ மூடிய கதவுக்குள் நடப்பது. பிழை நேர்ந்தால் ‘அது குழுமத்தின் பொறுப்பு’ என்று மன்றம் நழுவலாம். இரு மன்றங்கள் உடையவாயின் ஒன்று மற்றொன்றைச் சுட்டலாம். பொதுவிற் கறக்கும் ஆவிற்குப் புல்லிடுவார் எவரும் இலர் என்னும் நிலை வந்துவிடலாகாது. புதிதாய்ச் சேரும் பணியாளர்க்கு மன்றப் பணியாளரினும் குறைந்த ஓய்வூதியம் தந்து செலவைக் குறைக்கும் வழக்கமும் இத்தகைய குழுமங்கள் பலவற்றில் உண்டு. பேணுவாரைப் பேணாத இல்லத்தில் முதியோர் எங்ஙனம் பேணப்படுவர்?

ஆகவே நான்கு கட்டுகள் வேண்டும். குழுமத்தின் கணக்கும் குறைகளும் ஆண்டுதோறும் இரு மன்றங்களிலும் மக்கள் முன் வைக்கப்படல் வேண்டும். பேணப்படுவோரும் அவர்தம் உறவினரும் ஆளுங்குழுவில் இடம்பெறல் வேண்டும். பணியாளர்க்கு மன்றப் பணியாளரோடு ஒத்த சம்பளமும் ஓய்வூதியமும் வேண்டும். ஒரு மன்றம் விலகுமாயின் முதியோரை எவர் ஏற்பார் என்பது, கூட்டுச் சேரும் நாளிலேயே எழுத்தில் இருத்தல் வேண்டும்.

இவை அனைத்தினும் மேலாக ஒன்று உண்டு. 2010க்குப் பின் நடுவணரசு மன்றங்களுக்கான பணத்தை வெட்டியது. 2016 முதல், இப்பணிக்கென ஊர்வரியை உயர்த்திக்கொள்க என்று வழிவிட்டது. செல்வர் வாழும் ஊரில் அவ்வரி மிகுதியாய்த் திரளும். ஏழையர் ஊரிலோ வரி குறைவு, தேவை மிகுதி! இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள பள்ளத்தை எந்தக் கூட்டுக் குழுமமும் நிரப்பிவிடாது. கடமையைத் தருவோர் பொருளையும் தருதல் வேண்டும். பொருளைப் பெறுவோர் ஊரார்க்கு விடை சொல்லல் வேண்டும்.

பேணல் பண்டமன்று, கடன். அக்கடனை ஊர் ஏற்கட்டும்! அண்டை ஊரோடு கூடியும் ஏற்கட்டும்! ஏற்றபின் எவர் தோளிலும் தள்ளிவிடாதிருக்கட்டும்!